இருபத்தாறாம் நாள்

சரண்யாதேவிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. மில்லர்புரத்து வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து டிவி பார்த்தால், அவள் துணி மடித்தபடி நின்றுகொண்டுதான் பார்ப்பாள். வேலை செய்யும் உப்பு கம்பெனி ஆபீசிலும் அதே கதைதான். ஒரு லாரிக்கு பில் அடித்து முடித்த கையோடு எழுந்து வாசல் வரை போவாள். வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்புக் குவியல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து அடுத்த பில்லுக்கு உட்காருவாள். ஏரல் பக்கத்து ஆற்றங்கரை ஊர்க்காரி. அப்பா ஆறுமுகநயினாருக்கு அங்கே நெல்லும் வாழையும்.

இருபத்தேழு வயதில் தங்கப்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். அனல்மின் நிலையம் ஒன்றில் நிலக்கரி போகும் பெல்ட்டை ஓட்டுகிற ஆள் அவன். ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. மாமியார் முத்துக்கனி வீட்டை ஒட்டியே பலசரக்குக் கடை வைத்திருந்தாள். கணவன் போன பிறகு அந்தக் கடையை வைத்தே மகனையும் மகளையும் ஆளாக்கியவள்.

முதல் வருடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வருடத்தில் கல்யாண வீடு, கோயில் கொடை என்று எங்கே போனாலும் "விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சரண்யா போனில் ஓர் ஆப் இறக்கினாள். மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று அது கேட்டது. கேட்டுவிட்டு இருபத்தெட்டு என்று அதுவே நிரப்பியும் வைத்திருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே அந்த எண்தான் காதில் விழுந்திருந்தது. சரி என்று அழுத்திவிட்டாள். ஒவ்வொரு மாதமும் பதினாலாம் நாளைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் விழுந்தது. கருமுட்டை வெளியாகும் நாள் அதுதான் என்றது ஆப்.

அந்தப் பச்சை நாள் இரவு ஷிப்டில் விழுந்தால் வீட்டில் பதற்றம் தொற்றிக்கொள்ளும். தங்கப்பாண்டி, கூட வேலை பார்க்கும் ஃபிராங்க்ளினிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்பான். காரணம் சொல்ல வேண்டுமே? "மாமனாருக்கு முடியல" என்பான். நல்ல மனுஷன் ஃபிராங்க்ளின். ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

பச்சை வட்டம் கழிந்து இரண்டு வாரமானதும் அடுத்த பாடு தொடங்கும். இருபத்தெட்டு கடந்துவிடும், ஆப் 'ஒரு நாள் தாமதம்' என்று காட்டும். பிறகு மூன்று நாள், ஆறு நாள். சரண்யாவுக்கு ஆபீசில் இருப்பு கொள்ளாது. பில்லில் லாரி நம்பரை மாற்றி அடிப்பாள். மெடிக்கலில் சோதனை அட்டை வாங்கி வந்து பார்த்தால் ஒற்றைக் கோடுதான் இருக்கும். ஒன்பதாம் நாளோ பதினோராம் நாளோ ரத்தம் வந்துவிடும். இப்படி நாலு வருடமாக, மாதம் தவறாமல் நம்பிக்கை ஏறி ஏறி இறங்கியது.

எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறுமுகநயினார் ஊரிலிருந்து வாழைத்தார் ஒன்றைப் பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முன்னறையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, தாரை உத்திரத்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஃபிராங்க்ளினும் அவன் மனைவி ரீனாவும் வாசலில் வந்து இறங்கினார்கள். கையில் ஆப்பிள் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலும்.

"மாமனாரு வந்திருக்காருன்னு தங்கம் சொன்னான். ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். எந்த ரூம்ல படுத்திருக்காரு?" என்று முத்துக்கனியிடம் கேட்டான் ஃபிராங்க்ளின்.

"படுத்திருக்காரா? மேல பாருங்க தம்பி. அன்னா நிக்காரே."

ஸ்டூல் மேல் நின்ற ஆறுமுகநயினார் திரும்பிப் பார்த்தார். "நான்தான்யா மாமனாரு. எனக்கு என்ன?"

"இல்ல அண்ணாச்சி... இந்த வருசம் மட்டும் உங்களுக்கு ஏழு தடவ முடியாமப் போயிருக்கு. ரெண்டு தடவ ஐசியூ."

"எனக்கா? நான் பெரியாஸ்பத்திரி வாசல மிதிச்சே பத்து வருசம் இருக்குமே!"

தங்கப்பாண்டி தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்தில் வேர்வை வழிந்தது. ஃபிராங்க்ளின் அவன் முகத்தைப் பார்த்தான். உள்ளே சமையலறை வாசலில் முகம் சிவந்து நின்ற சரண்யாவைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, சட்டென்று சிரித்துவிட்டான். "நான்தான் ஆள மாத்திட்டேன் அண்ணாச்சி. அது எங்க சூப்பர்வைசரோட மாமனாரு" என்று ஹார்லிக்ஸை அவர் கையிலேயே கொடுத்தான். முத்துக்கனி நம்பினாளோ இல்லையோ, கடைக்கு ஆள் வரவும் எழுந்து போய்விட்டாள்.

ரீனா நேரே சமையலறைக்கு வந்தாள். சரண்யாவைவிட மூன்று நாலு வயது மூத்தவள். ஆலந்தலைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கமில்லை.

"ஷிப்ட் மாத்துனதெல்லாம் பிள்ளைக்காகவா?" என்றாள்.

சரண்யா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஆமாக்கா. அந்த நாள விட்டா ஒரு மாசம் போயிருதுல்லா."

"எந்த நாளு?"

"பதினாலாம் நாளு."

"உனக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா வரும்?"

"முப்பத்தஞ்சு. சில சமயம் நாப்பதுகூட ஆவும்."

ரீனா அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தாள். "அப்பொ பதினாலு உனக்கு எப்படிளா சரியா வரும்? எங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னால கோயில்ல மூணு நாளு வகுப்பு உண்டு. மாப்பிள்ளையும் பொண்ணும் போயே ஆவணும். நர்சு வேல பாக்க சிஸ்டர் ஒருத்தவங்க வந்து இதெல்லாம் பாடமாவே எடுத்தாங்க. பிள்ளைய தள்ளிப் போடணும்னா எந்த நாள ஒதுக்கணும்னு சொல்லித் தந்தாங்க. உனக்கு அதே நாளுதான் வேணும். முட்டை வெளிய வந்துட்டா, அதுக்கப்புறம் ஏறக்குறைய ரெண்டு வாரத்துல மாசவிடாய் வந்துரும். அந்த ரெண்டு வாரம் பெருசா மாறாது. முட்டை வாரதுக்கு முன்னால உள்ள நாளுதான் ஒருத்திக்கு நீளும், ஒருத்திக்குச் சுருங்கும். அதனால பின்னால இருந்து எண்ணணும்."

"பின்னால இருந்து எண்ணுனா முடிஞ்சுபோன மாசந்தானக்கா தெரியும்? வாரத எப்படித் தெரிஞ்சிக்கிடுறது?"

"ஒடம்பே காட்டும். கோழிமுட்டை வெள்ளைக்கரு மாரி வழவழன்னு, இழுத்தா நூலு மாரி வரும். பாத்திருக்கியா?"

சரண்யாவின் முகம் மாறிவிட்டது. பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு மாதமும் பார்த்திருக்கிறாள். வெள்ளைப்படுகிறது, ஏதோ நோய் என்று பயந்து, அந்த மூன்று நாலு நாளும் வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டு தங்கப்பாண்டியைப் பக்கத்திலேயே வரவிட்டதில்லை. அதை ரீனாவிடம் அப்படியே சொன்னாள்.

ரீனா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "சரி விடு. தெரியாம செஞ்சதுதான?"

"உங்களுக்கு அந்தக் கணக்கு சரியா வந்துச்சாக்கா?"

"எனக்கு மூணு பிள்ளேல்லா. அதுல ரெண்டு பேரு கணக்குக்குத் தப்பி வந்தவனுவ" என்றாள் ரீனா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முன்னறையிலிருந்து ஆறுமுகநயினார் எட்டிப் பார்த்தார்.

அன்று மாலை சரண்யா போனில் இருந்த பழைய தேதிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினாள். ஒவ்வொரு சுற்றின் நீளத்திலிருந்தும் பதினாலைக் கழித்தாள். இருபத்தொன்று. இருபத்தேழு. பத்தொன்பது. இருபத்துநாலு. பதினாலாம் நாள் ஒரு மாதத்தில்கூட வரவில்லை. நின்றாள், உட்கார்ந்தாள், மாடிக்கு ஏறினாள், இறங்கினாள். யார் மேல் கோபப்படுவது? ஆப் மேலா, சரி என்று அழுத்திய தன் விரல் மேலா, மகளுக்கு இதையெல்லாம் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்ட அம்மா மேலா?

தங்கப்பாண்டி நோட்டை வாங்கி ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தான். பிறகு, "அப்பொ நான் ஃபிராங்க்ளின்ட்ட சொன்ன பொய்யெல்லாம் வீணா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடியுமுன் அழுகையும் வந்தது.

மறுநாளே டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினாள். ரீனா சொன்னதோடு நிற்காமல், தானும் தேடித் தேடிப் படித்தாள். விடிந்ததும் படுக்கையை விட்டு எழுமுன் நாக்கின் அடியில் வைத்துப் பார்க்க வேண்டும். முட்டை வெளியான மறுநாளிலிருந்து உடம்புச் சூடு அரை டிகிரி போல ஏறி, அடுத்த மாதவிடாய் வரை அப்படியே நிற்கும். ஏறின பிறகு தெரிந்து அந்த மாதத்துக்குப் பயனில்லை. ஆனால் முட்டை வந்ததா, எந்த நாள் வந்தது என்பது ஐயமில்லாமல் தெரிந்துவிடும். முன்கூட்டிச் சொல்ல மெடிக்கலில் சிறுநீர்ச் சோதனை ஸ்ட்ரிப் இருந்தது. அதில் இரண்டாம் கோடு கறுத்தால் ஒன்றிரண்டு நாளில் முட்டை வரும் என்று அர்த்தம். அவளுக்குப் பெரிய நிம்மதி தந்தது வேறொன்று. முட்டைக்கு ஒரே ஒரு நாள்தான் ஆயுசு என்றாலும், ஆணின் உயிரணு ஐந்து நாள் வரை உள்ளே காத்திருக்குமாம். ஆக, அந்த ஒரு நாளைப் பிடிக்க ஷிப்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முந்தின நாட்களே நல்ல நாட்கள்.

முதல் மாதம் பத்தொன்பதாம் நாள் ஸ்ட்ரிப் கறுத்தது; சூடு ஏறவில்லை. இருபத்தாறில் திரும்பவும் கறுத்தது, அப்போதும் ஏறவில்லை. தினமும் சூட்டைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்த காகிதம், அந்த மாதம் முட்டையே வரவில்லை என்று சொன்னது. சரண்யா புள்ளிகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் கோடு தட்டையாகத்தான் கிடந்தது.

இதற்கிடையில் நாத்தனார் ஐஸ்வர்யா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பெண்குழந்தை பெற்றிருந்தாள். சரண்யா ஆபீசிலிருந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கப் போவாள். ஒவ்வொரு தடவையும் மாமியார் குறுக்கே வந்தாள். "இப்பந்தான் தூங்குச்சு" என்பாள். அல்லது "பால் குடிக்கட்டும்" என்பாள். பிள்ளை இல்லாதவள் கை படக்கூடாது என்றுதான் தடுக்கிறாள் என்று சரண்யாவுக்கு உள்ளுக்குள் கொதித்தது.

கடைக்குச் சீனி வாங்க வந்த அடுத்த வீட்டுச் செல்லக்கிளிதான் உண்மையைப் போட்டு உடைத்தாள். "ஏளா சரண்யா, சளி டெஸ்ட் எடுத்துட்டியா? தெனமும் காய்ச்சல் அடிக்குன்னு ஒங்க அத்த சொன்னாங்க. இந்தக் காலத்துல டிபிக்கு மாத்திர சும்மாவே குடுக்காங்க, பயப்படாத."

சரண்யா விறுவிறுவென்று உள்ளே போனாள். ஐஸ்வர்யாவின் கட்டிலருகே முத்துக்கனி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எனக்குக் காய்ச்சல்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தெனமும் விடியக்காலம் அந்தக் குச்சிய வாயில வச்சுக்கிட்டுக் கெடக்க. நான் பாக்கலன்னு நெனைச்சியா? பச்சப்பிள்ள இருக்க வீடு. ஒட்டிக்கிட்டா என்ன செய்ய?"

"அது காய்ச்சலுக்கு இல்ல. முட்டை வெளிய வந்துட்டான்னு பாக்கதுக்கு."

"எந்த முட்டை?"

"என் வயித்துல உள்ள முட்டை. எல்லாப் பொம்பளைக்கும் மாசத்துக்கு ஒண்ணு வரும். ஒங்களுக்கும் வந்ததாலதான் இவுக ரெண்டு பேரும் பொறந்தாவ. எனக்கு அது வார நாளு தெரியாம நாலு வருசம் போயிட்டு. அதான் சூடு பாக்கேன்."

கட்டிலில் படுத்திருந்த ஐஸ்வர்யா, "அம்மா, அண்ணி சொல்லது சரிதான். எங்க டாக்டரும் சொன்னாங்க" என்றாள். முத்துக்கனி மருமகளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மடித்த துணியையே எடுத்துத் திரும்ப உதறி மடித்தாள். எழுந்து கடைக்குப் போய்விட்டாள். கால்மணி நேரத்தில் திரும்பி வந்து, தொட்டிலில் சிணுங்கிய பேத்தியைத் தூக்கி, "இவளப் பிடி. கடையில ஆளு நிக்கி" என்று சரண்யாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து காபி டம்ளரோடு கதவருகே வந்து நிற்க ஆரம்பித்தாள். "ஏளா, இன்னைக்கு எத்தன? ஏறிட்டா?" சரண்யாவுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டாம் மாதமும் கோடு தட்டையாகவே கிடந்ததும், காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒரு பெண் டாக்டரிடம் போனாள். டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இவ்வளவு தெளிவா யாரும் கொண்டுவந்ததில்லம்மா" என்றார். ஸ்கேனில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் தெரிந்தன; முட்டை சில மாதம் முதிராமல் நின்றுவிடுவதும், ஸ்ட்ரிப் சும்மாவே கறுப்பதும் அதனால்தான் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கணவனுக்கும் ஒரு பரிசோதனை எழுதினார். தங்கப்பாண்டி அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தான். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய்ச் சோதனைக்கு விந்து கொடுத்துவிட்டு வந்தான். குறையில்லை என்று வந்தது.

அதன்பின் இரண்டு மாதம் முட்டை வந்தது, கரு நிற்கவில்லை. ஆனால் சூடு ஏறிய நாளிலிருந்து எண்ணி, எந்தத் தேதியில் மாதவிடாய் வரும் என்று அவளால் முன்னாலேயே சொல்ல முடிந்தது. 'தாமதம்' என்று ஏமாந்து நெஞ்சு அடித்துக்கொள்வது நின்றது.

மூன்றாவதாக வந்த மாதத்தில் இருபத்து மூன்றாம் நாள் வழவழப்பு தெரிந்தது. இருபத்தைந்தில் ஸ்ட்ரிப் கறுத்தது. அந்த வாரம் தங்கப்பாண்டிக்கு மதிய ஷிப்ட். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருபத்தேழாம் நாள் காலை சூடு ஏறியிருந்தது. முட்டை வந்தது இருபத்தாறாம் நாள் என்று குறித்துக்கொண்டாள். நாற்பதில் வர வேண்டிய மாதவிடாய் வரவில்லை. நாற்பத்து மூன்றாம் நாள் சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. தங்கப்பாண்டி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஆறு நாள் கழித்து ஸ்கேன் சென்டருக்குப் போனாள். ஸ்கேன் எடுத்த பெண் கடைசியாக மாதவிடாய் வந்த தேதியைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள். வயிற்றின் மேல் கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தாள். எழுந்து போய் அந்த சென்டரின் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

டாக்டரும் திரையை நெடுநேரம் பார்த்தார். "ஏழு வாரம் ஆச்சும்மா. இந்நேரம் இதயத்துடிப்பு தெரியணும். பை மட்டும்தான் தெரியுது. சில கரு பாதியிலயே வளர்ச்சி நின்னுடும். மனசத் தேத்திக்கோங்க."

சரண்யாவுக்குக் காது அடைத்தது. எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, கைப்பையை இழுத்து நோட்டை எடுத்தாள். சூட்டுக் கணக்கு இருந்த பக்கத்தை விரித்தாள்.

"டாக்டர், இருபத்தெட்டு நாளு கணக்குக்குத்தான் இது ஏழு வாரம். எனக்கு முட்டை வந்ததே இருபத்தாறாம் நாளு. பன்னெண்டு நாளு பிந்தி. பாருங்க, சூடு ஏறின எடம். அப்பொ இது அஞ்சு வாரம் ரெண்டு நாளுதான? அஞ்சு வாரத்துல துடிப்பு தெரியுமா?"

டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். திரும்பவும் திரையில் பையை அளந்தார். "அளவு உங்க கணக்குக்குத்தான் பொருந்துது" என்றார் மெதுவாக. "அஞ்சு வாரத்துல தெரியாது. ஆனா நான் இப்ப எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன். பத்து நாள் கழிச்சு வாங்க."

அந்தப் பத்து நாள் சரண்யா பட்ட பாடு! தன் கணக்கே தப்போ என்று நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். இருபத்தேழாம் நாள் ஏறிய சூடு உண்மையான சூடுதானா? அன்று கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்ததே, புழுக்கத்தில் ஏறியிருக்குமோ? பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம் ரத்தம் இருக்குமோ என்று பயந்து பயந்து பார்த்தாள். ஆபீசில் உப்புக் குவியல் வரை ஒரு நாளில் இருபது தடவை நடந்தாள். மாலையில் தங்கப்பாண்டி அவளைப் பைக்கில் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப்போவான். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். அவன் ஐம்பதடி நடந்து நிற்பான். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பாள்.

"இல்லாமப் போச்சுன்னா என்ன செய்ய?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்லாமப் போச்சுன்னா அழுவோம்" என்றான் அவன். "பெறவு என்ன செய்யணுமோ செய்வோம். அவங்க சொன்னத அப்படியே கேட்டுட்டு அழுதுகிட்டு வரலல்லா நீ. அதுவே எனக்குப் போதும்."

பத்தாம் நாள் திரும்பவும் அதே மேசையில் படுத்தாள். இந்தத் தடவை டாக்டர் முதலிலேயே வந்து நின்றுகொண்டார். கருவி நகர்ந்தது, நின்றது. சாம்பல் நிறத் திரையின் நடுவில், அரிசி மணி அளவு வெளுப்பில், ஏதோ படபடவென்று மின்னி மின்னி அணைந்தது.

"துடிப்பு நூத்தி இருபத்திரெண்டு" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். அளவைப் போட்டாள். "ஆறு வாரம் அஞ்சு நாள் காட்டுது மேடம்."

சரண்யாவின் நோட்டிலும் அன்றைய தேதிக்கு நேராக அதே எண் இருந்தது. டாக்டர் ஃபைலை எடுத்து, பிரசவத் தேதி என்று முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பன்னிரண்டு நாள் தள்ளி வேறு தேதி எழுதினார்.

வெளியே வராந்தாவில் தங்கப்பாண்டி சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்து அவனால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஓடுது" என்றாள்.

"என்ன ஓடுது?"

"பிள்ளைக்கு நெஞ்சு. நல்லா வேகமா ஓடுது."

அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சரண்யா ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவன் எழுந்திருக்கும் வரை அவன் தலையில் கை வைத்தபடி நின்றாள்.